வன்னியில் ஒரு சிறு தொழிலைப் பதிவு செய்வது எப்படி?

மிளகாய்த்தூளை வீட்டில் அரைத்து அயலில் விற்கும்வரை பதிவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு பெரிய கடைக்காரர் “மாதாமாதம் தாருங்கள், காசோலையாகத் தருகிறேன்” என்று சொல்லும் அன்று சிக்கல் தொடங்கும். காசோலையை மாற்றத் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். வங்கி பதிவுச் சான்றிதழைக் கேட்கும். நல்ல கைப்பக்குவம் உள்ள எத்தனையோ பெண்கள் இந்த ஒரு தாளுக்காகப் பெரிய கொள்வனவாளர்களை இழந்துவிடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பதிவு என்று தீர்மானியுங்கள்

தனி ஒருவர் நடத்தும் தொழிலும் பங்காளர்கள் சேர்ந்து நடத்தும் தொழிலும் உங்கள் பிரதேச செயலகத்தில் பதியப்படும். இதற்கு அடிப்படை 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். உங்கள் சொந்த முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. வேறு பெயர் வைத்தால் கட்டாயம். கம்பனி என்பது வேறு. அது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளரிடம் பதியப்படும்; விண்ணப்பத்தை இணையத்திலேயே அனுப்பலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பிரதேச செயலகப் பதிவோடு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கம்பனி நடத்துவதென்றால் ஆண்டறிக்கை, செயலாளர், கணக்காய்வு என்று செலவு கூடவே வரும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தனி ஒருவராக நடத்தும் தொழிலில் கடன் பட்டால் அது உங்கள் சொந்தக் கடன்.

படி 2: இடத்துக்கான ஆவணத்தை முதலில் தேடுங்கள்

பெயரை யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வன்னியில் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தேங்கிக் கிடப்பது இந்த இடத்தில்தான்.

தொழில் நடக்கும் முகவரி உங்களுடையது, அல்லது உரிமையாளரின் சம்மதத்தோடு நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். உறுதிக் காணி என்றால் உறுதியின் பிரதி, வாடகை என்றால் உடன்படிக்கை. ஆனால் அக்கராயன், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டப் பகுதிகளில் பலருடைய கையில் இருப்பது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். அதுவும் பெரும்பாலும் தந்தையின் பெயரிலோ பாட்டனின் பெயரிலோ இருக்கும். அப்படியானால் அந்தப் பத்திரத்தின் பிரதியோடு, உரிமையாளர் ஒப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் காலமாகிவிட்டால் பின்னுரித்தாளர் யார் என்பதைக் காணிக் கிளையில் தெளிவாக்கிய பின்பே நகர முடியும். அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி குத்தகைக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஆகவே பிறருடைய அனுமதிப்பத்திரக் காணியில் கடை போடுபவர்கள், எழுத்து வேலைக்கும் முற்பணத்துக்கும் காசை இறைப்பதற்கு முன் அதே செயலகத்தின் காணிக் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2009இல் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். அனுமதிப்பத்திரத்தின் விபரம் செயலகத்தின் காணிப் பேரேட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதியப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம்.

படி 3: கிராம அலுவலரிடம் போங்கள்

செயலகத்தில் விண்ணப்பப் படிவத்தைப் பெற்று, தொழில் நடக்கும் இடத்தின் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். நீங்கள் வசிக்கும் பிரிவும் கடை இருக்கும் பிரிவும் வேறாக இருந்தால் கடை இருக்கும் பிரிவே கணக்கு. தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயர், முதலெழுத்துகள் உட்பட, படிவத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு வங்கியில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

படி 4: பெயரும் தொழிலின் தன்மையும்

இரண்டு மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள்; ஒன்று ஏற்கெனவே பதியப்பட்டிருக்கலாம். ‘தேசிய’, ‘அரச’, ‘கூட்டுறவு’ போன்ற சொற்களைத் தவிருங்கள். ‘பிரைவேட் லிமிடெட்’ கம்பனிக்கு மட்டுமே உரியது. ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்களே தீர்மானித்து எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தட்டச்சு செய்பவர் தீர்மானிப்பார்.

‘தொழிலின் தன்மை’ என்ற கட்டத்தைப் பலர் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ‘மிளகாய்த்தூள் விற்பனை’ என்று எழுதினால் நாளை அரிசிமா விற்கும்போது சான்றிதழ் உதவாது. ‘மிளகாய், மல்லி, அரிசிமா முதலியவற்றை அரைத்தல், பொதி செய்தல், மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்றல்’ என்று விரித்து எழுதுங்கள்.

இந்தப் பதிவால் பெயர் உங்கள் சொத்தாகிவிடாது. பொதியில் உள்ள குறியைக் காப்பாற்ற 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியைத் தனியே பதிய வேண்டும்.

பங்காளர்களோடு தொடங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அண்ணன் தம்பியாக இருந்தாலும் உடன்படிக்கையை எழுதுங்கள். மூலதனம் 1000 ரூபாவுக்கு மேற்பட்டால் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. இன்று 1000 ரூபாவுக்குள் எந்தப் பங்குத் தொழில் தொடங்கும்?

படி 5: பிரதேச சபை

பெயர்ப் பதிவு கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். வியாபார அனுமதி உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எல்லைகளையும் கவனியுங்கள். தருமபுரத்தில் தொழில் செய்பவர் பெயரைக் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் பதிகிறார். அனுமதிக்குப் போக வேண்டியது கரைச்சிப் பிரதேச சபைக்கு. உணவுத் தொழில் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அரிசி ஆலை, வாகனத் திருத்தகம் போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படும். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

படி 6: சான்றிதழ் கைக்கு வந்தபின்

அதைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி வையுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுங்கள். இலக்கம் எடுத்த எல்லோரும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஒருவரை வேலைக்கு வைத்தாலே ஊழியர் சேமலாப நிதி பொருந்தும்: அவரிடமிருந்து 8 வீதம், உங்களிடமிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் உங்களிடமிருந்தே 3 வீதம்.

முகவரி மாறினாலும், பங்காளர் விலகினாலும், தொழிலை நிறுத்தினாலும் செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். மூலச் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வங்கிக்கும் கொள்வனவாளருக்கும் உறுதிப்படுத்திய பிரதி போதும்.