ஷிப்ட் கணக்கை எக்செல்லில் போடுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், 12 மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். வந்த நேரமும் போன நேரமும் இருந்தால் மீதியை எக்செல் பார்த்துக்கொள்ளும், நேரத்தை அதற்குப் புரிகிற மாதிரி கொடுத்தால். ஃபார்முலாவை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5. இது மனதில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கழித்தல் பெருக்கல்தான்.

நம் ஆட்கள் எல்லோரும் நேரத்தைப் புள்ளி வைத்து 8.30 என்றே அடிப்பார்கள். எக்செல் அதை வெறும் 8.3 என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளும். சரி, புள்ளியை முக்காற்புள்ளியாக மாற்றிவிடலாம் என்று ரீப்ளேஸ் கொடுத்தால் இன்னும் மோசம்: 8:3 ஆகி, எட்டு மணி மூன்று நிமிடம் என்று நிற்கும். அதனால் பக்கத்துப் பத்தியில் =டைம்(இன்ட்(பி2),ரவுண்ட்(மாட்(பி2,1)*100,0),0) என்று போட்டு (இன்ட் முழு எண்ணை மட்டும் எடுக்கும்; மாட், அதாவது எம்-ஓ-டி, வகுத்தது போக மீதியைத் தரும்), வந்த விடையை வேல்யூவாக மட்டும் பேஸ்ட் செய்யுங்கள். இனி அடிப்பவர்களிடம் 8:30 என்று அடிக்கச் சொல்லுங்கள். அதுவும் ரயில்வே டைமில். காலை 8:30-க்கு வந்து இரவு 8:30-க்குப் போனவருக்கு இரண்டு இடத்திலும் 8:30 என்று இருந்தால் விடை பூஜ்ஜியம். 20:30 என்று இருக்க வேண்டும்.

பி-யில் வந்த நேரம், சி-யில் போன நேரம். டி2-வில்:

=மாட்(சி2-பி2,1)*24

விடை நேர வடிவில் தெரிந்தால் ஃபார்மேட்டை நம்பர் ஆக்குங்கள். வெறுமனே கழித்தால் நைட் ஷிப்ட்காரருக்கு, அதாவது 20:00-க்கு வந்து மறுநாள் 8:00-க்குப் போனவருக்கு, எக்செல் ##### காட்டும். மாட் போட்டால் 12 என்று சரியாக வரும். பகலில் தைப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் கடைசியில் -1. 8:30 முதல் 17:30 வரை என்றால் 8 மணி நேரம்.

24-ஆல் பெருக்குவதை விட்டுவிடாதீர்கள். பெருக்காமல் நேரமாகவே கூட்டினால், ஆறு நாளும் எட்டெட்டு மணி நேரம் உழைத்தவருக்கு மொத்தம் 0:00 என்று காட்டும். 48 மணி நேரம் என்பது இரண்டு முழு நாள். சாதாரண நேர ஃபார்மேட் நாளை மறைத்துவிடும்.

மாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. காலை 8:30-க்கு வந்தவர் போகும்போது விரல் வைக்க மறந்தால் சி காலியாக இருக்கும். எக்செல் அதை நள்ளிரவாக எடுத்து, 15.5 மணி நேரம் என்று பிழையே காட்டாமல் எழுதிவிடும். முதலாளி கண்ணில் பட்டால் நம் கதி அவ்வளவுதான். அதனால் பகல் ஆட்களுக்கு இப்படிப் போடுங்கள்:

=ஐஎஃப்(கவுண்ட்(பி2:சி2)<2,"பார்",மாட்(சி2-பி2,1)*24-1)

கைரேகை மெஷினிலிருந்து எடுத்த ஃபைலில் நேரம் டெக்ஸ்டாக இருந்தாலும் இதே "பார்" வந்து காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் இ2-வில் =டி2/8, அதுதான் ஷிப்ட் எண்ணிக்கை. மொத்தத்தை இ பத்தியில் மட்டும் போடுங்கள். டி-யில் சம் போட்டால் "பார்" என்ற வரிகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இ-யில் போட்டால் அந்த ஒரு வரியால் மொத்தமே பிழை காட்டி, சரி செய்யும்வரை விடாது.