கோபோலிலிருந்து ஜாவாவுக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய கணினிகளில், கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எட்டு, பத்து வருடம் ஓட்டியவர்கள் ஜாவா, கிளவுட் பக்கம் போக நினைத்ததும் செய்கிற முதல் காரியம், ரெஸ்யூமிலிருந்து கோபோலைத் தூக்குவது. தூக்கிய பிறகு மிஞ்சுவது ஒரு ஆன்லைன் கோர்ஸ் மட்டும்தான். அதே கோர்ஸை முடித்த ஃப்ரெஷரோடு, அவருடைய சம்பளத்துக்குப் போட்டி போட வேண்டியிருக்கும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 2020 ஏப்ரலில், வேலையிழப்பு உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார். 'பார்த்தீர்களா, நம்மை யாரும் அசைக்க முடியாது' என்று இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்டது தன்னார்வலர்களை என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

பழைய அனுபவத்துக்கு உண்மையான விலை கிடைக்கிற இடம் மைக்ரேஷன் பிராஜெக்ட், அதாவது பழைய புரோகிராமைப் புதிய மொழிக்கு மாற்றும் வேலை. வட்டிக் கணக்கு ஒன்றை ஜாவாவுக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோபோலில் தொகை காம்ப்-3 என்ற எண் வகையில், தசமமாகவே இருக்கும். ஜாவா மட்டும் தெரிந்த புதியவர் அதை டபுளில் (பின்னங்களைத் தோராயமாக, பைனரியில் வைக்கும் எண் வகை) போட்டுவிடக்கூடும், டபுளில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசமத்தை அப்படியே வைக்கும் பிக்டெசிமல் போட்டால் பாதிப் பிரச்சினைதான் தீரும். கோபோலில் ரவுண்டட் என்று எழுதாவிட்டால் மிச்சத் தசமங்கள் அப்படியே வெட்டுப்படும். ஜாவாவிலும் அதே இடத்தில் வெட்டச் சொல்லாவிட்டால் கணக்குக்குக் கணக்கு பைசா இடிக்கும். ஃபைல் வரிசையும் அப்படித்தான்: மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பிறகுதான் எண்கள், மற்ற கணினிகளின் ஆஸ்கியில் எண்கள் முதலில். இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டு ஓடும் பேட்ச் (மொத்தமாக ஓட்டும் வேலை) ஒன்று, எர்ரர் எதுவும் காட்டாமலே தப்பான விடை தரலாம். இதை முதல் நாளே கேட்கத் தெரிந்தவர் நீங்கள்தான். ரெஸ்யூமில் 'கோபோல், 10 வருடம்' என்று நிறுத்தாமல், எந்தக் கணக்கு, எந்த பேட்ச், எதைச் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

அடுத்தது, ஜாவாவிலும் கோபோலையே எழுதுவது. இந்தக் கலப்புக்கு 'ஜோபோல்' என்று கேலிப் பெயரே இருக்கிறது. பழைய ஒர்க்கிங் ஸ்டோரேஜை (கோபோல் புரோகிராமின் மாறிகள் இருக்கும் பகுதி) அப்படியே ஸ்டாட்டிக் மாறிகளாக மாற்றுவது இதில் மோசமான வகை. மெயின்ஃப்ரேமில் டிரான்சாக்ஷன்களை ஓட்டும் சிஐசிஎஸ்ஸில் ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் அதன் சொந்தப் பிரதி கிடைக்கும். ஜாவா சர்வரில் அந்த ஸ்டாட்டிக் மாறி எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொது. ஒருவருடைய இருப்புத் தொகை இன்னொருவர் திரையில் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

பைத்தான், ரியாக்ட், குபர்நெட்டிஸ் என்று ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டாம். ஜாவா, ஸ்பிரிங், கிட், யூனிட் டெஸ்ட்: ஆரம்பத்துக்கு இவை தாராளம். மெயின்ஃப்ரேமின் டிபி2 டேட்டாபேஸில் எழுதிய எஸ்க்யூஎல் பெரும்பாலும் அப்படியே கைகொடுக்கும்.

கடைசியாக, கம்பெனிக்குள்ளேயே மாறக் கேட்காமல் பேப்பர் போடுவது (ராஜினாமா செய்வது). மேனேஜர் விடமாட்டார், உண்மைதான். ராத்திரி பேட்ச் சாக்-செவன் (எண் இருக்க வேண்டிய இடத்தில் தப்பான டேட்டா வந்தால் வரும் எர்ரர்) அடித்து நின்றால் அவர் எழுப்புவது உங்களைத்தானே! அதனால் முதலில் அந்த ஜாப்களை விவரமாக எழுதிவைத்து இன்னொருவரைப் பழக்கிவிட்டு, பிறகு ரிலீஸ் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வெளியே தேடலாம்.