போதையூட்டும் தாவரமொன்றின் பயணத்தைக் கொழும்பிலிருந்து தேடும் முறை

போதையூட்டும் தாவரங்கள் உலகெங்கும் பரவிய வரலாற்றை எழுத முனையும் மாணவர்கள் பெரும்பாலும் அமேசனின் அயவாஸ்காக் கொடியிலோ மெக்சிக்கோவின் பெயோட்டிக் கள்ளியிலோ தொடங்கி, இணையத்தில் உள்ளதையே திருப்பி எழுதிவிடுகிறார்கள். கொழும்பில் வாழ்பவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் புறக்கோட்டையில் விற்கும் ஒரு கூறு வெற்றிலைதான்.

அதை வாங்கி, வாயில் போடாமல், மேசையில் பிரித்து வையுங்கள். வெற்றிலையும் பாக்கும் தென்கிழக்காசியப் பக்கத்திலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பரவியவை. உடன் வைக்கும் புகையிலையோ அமெரிக்கப் பழங்குடிகளின் பயிர், 1492 ஆம் ஆண்டுக்குப் பின்னரே ஐரோப்பியர் கைவழி ஆசியாவுக்கு வந்தது. சுண்ணாம்பு தாவரமன்று என்று அதனை ஒதுக்கிவிடாதீர்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் கிளர்ச்சியூட்டும் பொருள் வாயின் மென்தோல் வழியே எளிதில் உட்புக வழிசெய்வது சுண்ணாம்பின் காரத்தன்மையே. வேதியியல் காரணம் சொல்வதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் தெரியாத மக்கள் இச்சேர்க்கையைக் கண்டறிந்திருந்தார்கள். பாக்கு புற்றுநோய் விளைவிப்பது என்னும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு 2004 இல் வெளியானதையும் குறித்துக்கொள்ளுங்கள். மரபின் மீதுள்ள மதிப்பு இதனை மறைக்கக் காரணமாகாது.

அடுத்து, ஒவ்வொரு தாவரத்தையும் யார், எந்த ஒழுங்குக்குள் பயன்படுத்தினார்கள், யார் எடுத்துச் சென்றார்கள், எது உடன் செல்லாமல் தங்கிவிட்டது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியே முதன்மையானது. 1660 இல் சிறைப்பட்டுக் கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், கெட்ட நீரின் தீங்குக்கு மாற்றாகக் கஞ்சா இலைத்தூளைக் கருப்பட்டியுடன் வெறும் வயிற்றில் உண்டதாக எழுதினார். 1689 இல் இலண்டன் றோயல் சங்கத்தில் அறிவியலாளர் ரொபேர்ட் ஹூக் அதே செடியைப் பற்றி உரையாற்றியபோது, அது அறிஞர்கள் ஆராயும் பொருளாகிவிட்டது. கருப்பட்டியும் கெட்ட நீரும் காட்டு வழிகளும் இங்கேயே தங்கிவிட்டன. செடி பயணம் செய்யும்போது அதனைச் சூழ்ந்திருந்த தேவையும் கட்டுப்பாடும் உடன் செல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று கிடைப்பது அரிது.

வணிகத் தடத்துக்குக் கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குச் செல்லுங்கள். பாக்கு ஏற்றுமதியைத் தம் பிடிக்குள் வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. பழைய ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிப்பது கடினமாதலால், ஆளுநர்கள் தமக்குப் பின் வந்தோருக்கு எழுதிவைத்த குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை முதலில் படியுங்கள். தோம்புகள் எனப்படும் நிலப் பதிவேடுகளைப் பிறகு பார்க்கலாம். வழக்கத்தின் தொன்மைக்கு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம் உதவும். உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலை பாக்குக் கொடுத்ததைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை சொல்கிறது.

வெற்றிலை போடும் முதியவர்களிடம் பேசும்போது அனுமதி கேட்ட பின்னரே பதிவு செய்யுங்கள்; குடும்ப வைத்திய முறை எதையும் அவர்கள் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். அயவாஸ்காக் கொடியின் ஒரு வகைக்கு அமெரிக்கர் ஒருவர் 1986 இல் காப்புரிமை பெற்றதும், அமேசன் பழங்குடிகளின் கூட்டமைப்பு அதனை எதிர்த்து மறுஆய்வு கோரியதும் இந்த எச்சரிக்கைக்குப் போதிய காரணம்.