ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர் செய்யும் தவறுகள்

வார்டில் சத்தம் போடக்கூடாது, கூட்டமாகப் போகக்கூடாது என்பதெல்லாம் சுவரிலேயே எழுதியிருக்கும், அதை விடுங்கள். முதல்முறை துணைக்கு வருகிறவர்கள் பாசத்தில் செய்கிற தவறுகள் வேறு. இப்போது பழகிப்போனவர்களும் ஒரு காலத்தில் செய்தவைதான், அதனால் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும்.

மானிட்டர் எண்ணை வாட்ஸ்அப்பில் போடுவது

இதைப்போல எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை. நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்: காலை 6.40க்கு, நாற்பது பேர் உள்ள குடும்பக் குழுவில் மகன் போடுகிறார், “ஆக்சிஜன் 88.” இரண்டு நிமிடத்தில் நர்ஸ் வருகிறார். சரிந்திருந்த கிளிப்பைக் கழற்றி, சில்லிட்ட கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டுகிறார். 97. திருத்தம் போவதற்குள் வெளியூர்த் தங்கை டிக்கெட் எடுத்தாயிற்று. யாரோ நோயாளியின் போனுக்கே கூப்பிட்டு அழுதாயிற்று.

அந்தக் கிளிப் விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, துடிப்போடு பாயும் ரத்தம் அதில் எவ்வளவை உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. கை குளிர்ந்தாலும், அசைந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் கணக்கு தப்பலாம். ரத்தப் பரிசோதனையிலும் இதே கதை உண்டு. மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். மானிட்டரில் ஆக்சிஜன் எண் குறைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். போனை அப்புறம் எடுக்கலாம்.

டாக்டரின் வார்த்தையும் வழியிலேயே உருமாறும். “ஸ்டேபிள்” என்றால் இப்போதைக்கு மோசமாகவில்லை என்றுதான் பொருள். குழுவில் அது “நல்லாயிட்டார்” ஆகிவிடும். “நாளைக்கு அனுப்பலாமான்னு பார்ப்போம்” என்பது “நாளை டிஸ்சார்ஜ்” ஆகும். ராத்திரி லேசாகக் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போவது தள்ளிப்போனால், “ஏன் விடலை?” என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். படுத்திருப்பவருக்கு அது, தான் ஏதோ தோற்றுவிட்டதுபோல் கேட்கும்.

எழுதுவது ஒருவர்; அவர் தூங்கப்போனால் இன்னொருவர். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்தபின், நாளுக்கு ஒருமுறை, இந்த அளவுக்குப் போதும்:

“செவ்வாய், மாலை 6. நேற்று இரண்டு பேர் பிடித்து நடந்தார், இன்று வாக்கரோடு பாத்ரூம் வரை போய் வந்தார். ட்யூப் எடுப்பது பற்றி நாளை சொல்வார்கள். போன் வேண்டாம், ஒரு நிமிடத்துக்குள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்.”

நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம், அடுத்தது என்ன, உறவினர் என்ன செய்யலாம். அவ்வளவே. ஒன்றும் மாறாத நாளிலும் அதே ஆறு மணிக்கு “மாற்றமில்லை” என்று போடுங்கள். ஆறரை வரை ஒன்றும் வராவிட்டால் போன் ஓயாது.

அதே குழுவில் நோயாளியும் இருப்பது

அனுப்புமுன் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்.

சிரிக்க வைத்தே தீருவது

வயிற்றில் தையல் போட்டவருக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றுதான். இரண்டும் அதே தசையைத்தான் இழுக்கும். முதல் சில நாட்களுக்குப் புன்னகையோடு நிற்கிற நகைச்சுவையே போதும். மீறிச் சிரிப்பு வந்தால் காயத்தின்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வலி குறையும். நோயைப் பற்றிய கேலியை நோயாளி ஆரம்பிக்கட்டும். அவர் ஆரம்பித்துவிட்டார் என்பதற்காக, பார்க்க வரும் சித்தப்பாவும் அதைத் தொடரலாம் என்றில்லை.

குழப்பத்தில் இருப்பவரிடம் குத்தலும் இரட்டை அர்த்தமும் எடுபடாது. “சுவத்துல பூச்சி ஓடுது” என்றால் சிரிக்காதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். “எனக்குத் தெரியலைப்பா, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நர்ஸிடம் தெரிவியுங்கள். புதிதாக வரும் குழப்பம் ஓர் அறிகுறி.

கவிதையை மேடைபோல் வாசிப்பது

வலி மருந்து ஏறிய மனதில் நீண்ட பாட்டு நிற்காது. இரண்டு வரிக் குறள் நிற்கும். எட்டு வரி உச்ச வரம்பு. கேட்டுவிட்டு வாசியுங்கள், வழக்கமான வேகத்தில் பாதிக்கு. பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டு என்றால் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள், அவரே முடிப்பார். நிலையாமைப் பாட்டுகள் எவ்வளவு அழகானாலும் வேண்டாம்.

சொந்தமாக எழுதுகிறவர்கள் “விரைவில் மீண்டு வா” என்றே தொடங்குகிறார்கள். அது வாழ்த்து அட்டை. வீட்டில் கண்ணில் பட்ட ஒன்றை எழுதுங்கள்:

கொடியில் காயும் உன் சட்டை
ரெண்டு நாளாய்
யாருக்கோ கையசைத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுச் செய்தி, கொஞ்சம் சிரிப்பு, கவிதை, மூன்றும் இதில் முடிந்துவிட்டன.

தூங்குபவரை அதற்காக எழுப்புவது

வேண்டாம்.

மயக்கத்தில் இருக்கிறார் என்று தலைக்கு மேலே பேசுவது

காதில் விழுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பில் பேச்சு வராண்டாவில். கிட்டே போனதும் உங்கள் பெயர், கிழமை, காலையா மாலையா என்று சொல்லுங்கள். விழித்ததும் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள். பல நேரம் அவை வீட்டுப் பையிலேயே கிடக்கும், குழப்பம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐசியு நாட்களை எழுதி வைக்காமல் விடுவது

ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர்கள் தொடங்கிய வழக்கம் இது: நோயாளிக்கு ஒரு நோட்டு. தேதியிட்டு, அவரிடமே பேசுவதுபோல் நாலு வரி. “இன்னைக்கு கண்ணைத் திறந்தீங்க. வெளியே மழை.” ஐசியுவிலிருந்து வருகிற பலருக்கு அந்த நாட்கள் நினைவில் இருக்காது, அல்லது நடக்காத பயங்கரங்கள் நினைவாகப் பதிந்திருக்கும், எது நடந்தது என்று பின்னால் சரிபார்க்க அந்த நோட்டு உதவும். டிஸ்சார்ஜ் அன்றே கையில் திணிக்காதீர்கள். அவராகக் கேட்கும்வரை அலமாரியில் இருக்கட்டும்.