குட்டியைக் கறியாக விற்கும் முன் எடையைப் பேசிவிடுங்கள்

என்னிடம் இருப்பவை இருபது தாய் ஆடுகள். வருஷத்துக்குப் பதினைந்து, மிஞ்சினால் இருபது செம்மறிக் குட்டிகள் விற்பனைக்குத் தேறும். இவ்வளவு குறைவாக வைத்திருப்பவரிடம் வியாபாரி பேரம்கூடப் பேச மாட்டார். முதுகைத் தடவிப் பார்ப்பார், கண்ணாலேயே எடை போட்டு ஒரு தொகை சொல்வார், அவ்வளவுதான். அதனால் அக்கம்பக்கத்துக்கு நேரடியாகக் கறியாகவே கொடுக்கலாம் என்று இறங்கினேன். முதல் குட்டியிலேயே சண்டை.

முப்பது கிலோ குட்டி என்று சொல்லியிருந்தேன். வாங்கியவர் பெரிய பெரிய பாத்திரங்களோடு வந்து நின்றார். தலை, கால், தோல், குடல் எல்லாம் போய்த் தராசில் தொங்கவிட்டால் 14 கிலோ. மீதியை நான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி பார்த்தார். செம்மறியில் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் உரித்த எடை நிற்கும். எலும்பை நீக்கிக் கேட்டால் இன்னும் இறங்கும். இது நமக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே விலை உயிர் எடைக்கா, உரித்த எடைக்கா, பையில் விழும் கறிக்கா என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது உரித்த எடைக்கு மட்டும்தான் விற்கிறேன். உயிர் எடைக்கு விற்றால் வயிறு நிறைய மேய்ந்த ஆட்டை எடை போடாதீர்கள். இலையும் தண்ணீரும் கறிக் கணக்கில் ஏறிவிடும். முந்தின இரவு தீனியை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் வையுங்கள்.

எடை மேடை இல்லையா? தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து வாலுக்குக் கீழே துருத்தி நிற்கும் இடுப்பெலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். 28 அங்குலச் சுற்றளவு, 24 அங்குல நீளம் என்றால் இருபத்தெட்டரை கிலோ. ரோமம் அதிகமிருந்தால் டேப்பை இறுக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கணக்கு ஏமாற்றும்.

அடுத்த தலைவலி தொடை. எல்லாருக்கும் தொடைதான் வேண்டும். ஆட்டுக்கோ இரண்டே பின்னந்தொடை. 14 கிலோவில் அவை இரண்டும் சேர்ந்தே நாலு, நாலரை கிலோதான் வரும். ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தொடையை வெட்டிக் கொடுத்துவிட்டு, கழுத்தும் நெஞ்செலும்பும் ஃப்ரீசரில் அடைந்து கிடக்க, வீட்டில் ஒரு மாதம் வேறு கறியே சமைக்கவில்லை. இப்போது முழு ஆடு, அரை ஆடு, கால் பங்கு மட்டும்தான். கால் பங்கில் தொடை, சப்பை, விலா, கழுத்து எல்லாம் கலந்து போகும். நாலு பங்குக்கும் ஆள் சேர்ந்த பிறகுதான் ஆட்டைப் பட்டியிலிருந்து வெளியே எடுப்பேன். ஈரலும் தலையும் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அதற்குத்தான் அடிபிடியே.

அறுக்கிற செலவு தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். எட்டு கிலோ தேறும் குட்டிக்கும் பதினாறு கிலோ தேறும் குட்டிக்கும் அதே கூலி என்றால், சின்னதில் கிலோவுக்கு இரண்டு மடங்கு செலவு விழுகிறது. அவசரப்பட்டுச் சின்னக் குட்டியை அனுப்பாதீர்கள். அனுமதி பெற்ற அறுப்பிடத்தில் நாள் உறுதியானதும்தான் வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லுங்கள். நான் ஒருமுறை தேதியை முதலில் சொல்லிவிட்டு மூன்று வாரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உரித்த சூட்டோடு கறியை உறைய வைத்தால் தசை சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும். குளிர் அறை இருந்தால் ஒரு நாள் தொங்கவிட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்கள்.

குடற்புழு மருந்து கொடுத்த தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது மருந்துப் புட்டியிலேயே இருக்கும். அந்த நாள் முடியாமல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், கறி எந்த மாதம் அதிகம் போகிறதோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி எடை பிடிக்க என் பட்டியில் எட்டு மாதம் ஆகிறது. ஆக, பதின்மூன்று மாதம் முன்பே கிடாவைச் சேர்த்தாக வேண்டும். நான் அந்தத் தேதியைக் கிடா கட்டும் தூணிலேயே சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன்.