ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? யூனிட்டை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வீடு பொள்ளாச்சியில். வாரத்தில் இரண்டு நாள் வால்பாறைக்குப் போய்வர வேண்டும். ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். 2019-இல் வாங்கிய என் வண்டி இப்போது 1,18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயமானது. அப்போது வந்த வண்டிகள் இப்போது ஒவ்வொன்றாக லட்சத்தைத் தொடுகின்றன. மீட்டரில் ஏபிஎஸ்ஸின் மஞ்சள் விளக்கு எரிகிறது, யூனிட்டை (கணினி, பம்ப், வால்வுகள் அடங்கிய பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். என் பதில் ஒன்றுதான்: பொறுங்கள், யூனிட்டைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். வண்டி நகர்ந்து மெதுவான வேகம் எடுத்ததும், சக்கரத்திலிருந்து சென்சார் அனுப்பும் வேகக் கணக்கு சரியாக இருந்தால், அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் ஏபிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று பொருள். சாதாரண பிரேக் வேலை செய்யும்; வீடு போய்ச் சேரலாம். ஆனால் ஈரச் சாலையில் பிரேக்கைப் பலமாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதற்கேற்ப நிதானமாக ஓட்டுங்கள். பிரேக் லீவர் தொளதொளவென்று உள்ளே போனாலோ, ஆயில் கசிந்தாலோ அது வேறு கதை. வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கோளாறை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்து விற்பவர்கள் உண்டு.

என் வண்டியில் பிரச்சினை வந்தது ஓர் ஆகஸ்ட் மழையில். ஏறும்போது ஒரு வளைவில் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டேன். நூறு மீட்டர் போனதும் அணைந்தது. இரண்டு வளைவு தாண்டி மறுபடி எரிந்தது. நான்காவது முறைதான் எனக்கு உறைத்தது: இடப்பக்கம் திரும்பும் வளைவில் மட்டும்தான் எரிகிறது. வலப்பக்க வளைவில் ஒருமுறைகூட இல்லை. மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். கோளாறைக் காட்டும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, யூனிட் போய்விட்டது, இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. யூனிட் போயிருந்தால் அதற்கு இடது, வலது என்ற வேறுபாடு எப்படித் தெரியும்?

ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் ஒயர்மீதுதான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் எடுத்த எடுப்பில் அதைப் பிரித்துவிடவில்லை. செலவில்லாத வேலைகளை முதலில் முடித்தேன்; நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. ஸ்டார்ட்டரை அழுத்தும் நொடியில் மின்னழுத்தம் 10-க்குக் கீழே சரிந்தால் ஏபிஎஸ் கணினி தடுமாறி விளக்கை எரியவிடக்கூடும். காலையில் முதல் முறை மட்டும் விளக்கு எரிந்து, அடுத்த முறை சரியாகிவிடுகிறது என்றால் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும், சட்டத்தில் எர்த் ஒயர் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஃபியூஸ். பல வண்டிகளில் ஏபிஎஸ்ஸுக்கு இரண்டு இருக்கும்: கணினிக்கு ஒன்று, பம்ப் மோட்டாருக்கு ஒன்று. இரண்டையும் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும்.

அடுத்தது சக்கரம். டிஸ்க்கின் உட்பக்கம் துளைகளோடு ஒரு வளையம் சுற்றும். அதை ஒட்டி விரல் நுனி அளவில் சென்சார் உட்கார்ந்திருக்கும். என் பின்சக்கரத்தில் அதைக் கழற்றியபோது முகம் முழுவதும் கறுப்புப் பசை: செயின் எண்ணெய், சாலை மண், டிஸ்க் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள் எல்லாம் சேர்ந்து மெழுகிவிட்டது போலிருந்தது. உலர்ந்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், வாட்டர் சர்வீஸில் நீரைப் பீய்ச்சும்போது சென்சாருக்கு நேராகக் காட்டவும் வேண்டாம். வளையத்தின் துளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கல் சிக்கியிருக்கலாம், ஓரம் வளைந்திருக்கலாம். பஞ்சர் கடையில் டயரை நெம்பும்போதுதான் பெரும்பாலும் வளைகிறது. டிஸ்க் பக்கம் தரையில் படாமல் சக்கரத்தை வைக்கச் சொல்லி நான் பக்கத்திலேயே நிற்பேன்.

வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும்; உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் கிடைக்கும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) நுழைத்து, சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் அளவு மாறினால் வளையம் வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங்தான். என் நண்பரின் வண்டியில் மேடுபள்ளத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. பேரிங்கை மாற்றியதோடு தீர்ந்தது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பதறாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டுப் பின்சக்கரத்தைச் சுழற்றினால் விளக்கு எரியும். பின்சக்கரம் சுற்றுகிறது, முன்சக்கரம் நிற்கிறது. கணினிக்கு அது தப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். செயினுக்கு எண்ணெய் விடச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓடும் செயினில் விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி என் ஒயருக்கு வருகிறேன். முன்சக்கர சென்சாரிலிருந்து கிளம்பும் ஒயர், பிரேக் ஹோஸை ஒட்டி ஏறி, ஹேண்டில்பார் தண்டின் பக்கமாக வளைந்து உள்ளே போகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் ஒரே இடத்தில் அது மடங்கி விரிகிறது. லட்சம் கிலோமீட்டர் அப்படி மடங்கினால் உள்ளே செம்பு அறுந்துவிடும், மேலுறை மட்டும் முழுதாக இருக்கும். சாவியை அணைத்து, சென்சார் ஒயரை இரு முனையிலும் கனெக்டரிலிருந்து பிரித்து, ஒயர் அறாமல் இருந்தால் ஒலியெழுப்பும் நிலையில் மல்டிமீட்டரை வைத்து இரு முனையையும் தொட்டேன். ஒலி தொடர்ந்து கேட்டது. என் மனைவி ஹேண்டில்பாரை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். கடைசி நான்கு விரற்கடையில் ஒலி நின்றது. நேராக்கியதும் மறுபடி கேட்டது. ஒயரைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டே போனேன். தண்டின் கிளிப்புக்குச் சற்று மேலே ஓரிடம் மட்டும் ஒயர் மாதிரி இல்லாமல் நூல் மாதிரித் துவண்டது. பிளேடால் கீறிப் பார்த்தபோது பச்சை பூத்த இரண்டு முனைகள் தொட்டும் தொடாமலும் கிடந்தன.

இந்தச் சோதனையை ஒயருக்கு மட்டும் செய்யுங்கள். இப்போதைய சென்சார்கள் பலவற்றின் உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. அவற்றின் மின்தடையை அளந்து எதையும் முடிவு செய்ய முடியாது. அறுந்த ஒயரை மடங்கும் இடத்திலேயே பற்றவைப்பதும் நிலைக்காது. ஈயம் பிடித்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் மறுபடி அறுந்துபோகும். என் வண்டிக்கு சென்சாரும் ஒயரும் சேர்த்தே கிடைத்தன; மாற்றினேன். யூனிட்டுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பட்டறைக்காரர்கள் கருவியில் பார்த்தது தவறல்ல, அதற்குப் பொருள் கொண்டதுதான் தவறு. ‘முன்சக்கர சென்சார்’ என்று கருவியில் பிழைக் குறியீடு வந்தால் அந்தத் தடத்தில் கணக்கு வந்துசேரவில்லை என்றுதான் அர்த்தம். சென்சார், வளையம், பேரிங், ஒயர், கனெக்டர் எதுவாகவும் இருக்கலாம். அதனால் அந்தக் குறியீட்டை அழிக்கும் முன் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விளக்கு எரியாமலே லீவர் துடிப்பதும் உண்டு. காய்ந்த சாலையில், வண்டி நிற்கப்போகும் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் மட்டும் துடித்தால் வளையத்தையும் சென்சாரையும் பாருங்கள். எந்த வேகத்தில் பிடித்தாலும் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கலாம். ஆளில்லாத மைதானத்தில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். துடிப்பு தொடர்ந்தால் டிஸ்க்தான். பார்த்து முடித்ததும் ஃபியூஸை உடனே மாட்டிவிட வேண்டும். தொல்லை விட்டது என்று கழற்றியபடியே ஓட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மழையில் தேயிலை லாரி குறுக்கே வரும் வளைவில் அந்த ஃபியூஸ்தான் உங்களை நிமிர்ந்து நிற்கவைக்கும்.

யூனிட் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. அப்படிக் கெடுப்பது பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் விரலில் தெரியும். அதே ஈரம் யூனிட்டுக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஒரு வால்வு சிக்கினால்கூட ஏபிஎஸ் முடங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். மழையில் ஓடுகிற நான் ஆண்டுதோறும் மாற்றுகிறேன். பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியில் எந்த டாட் எண் எழுதியிருக்கிறதோ அந்த ஆயிலையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். எண் பெரியது என்று நம்பி ஊற்றிவிடாதீர்கள். டாட் 5.1 வேறு வகை. சென்ற ஆண்டு திறந்துவைத்த பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்ற வேண்டாம். மாற்றும்போது மேல் கிண்ணம் ஒரு நொடிகூட வறண்டுவிடக் கூடாது. காற்று யூனிட்டுக்குள் புகுந்தால் சில வண்டிகளில் கருவியை மாட்டிப் பம்பை ஓட்டினால்தான் வெளியேறும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும் சோதிக்காமல் சாலைக்குப் போகாதீர்கள். நான் எங்கள் தெருக்கோடி மைதானத்தில் ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்து இடமும் வலமுமாக எட்டுப் போட்டேன், விளக்கு எரியவில்லை. பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில் சரளை மேல் பின்பிரேக்கை மட்டும் மிதித்தேன். பெடல் பாதத்தைப் படபடவென்று தட்டியது, சக்கரம் இழுபடவில்லை. உங்கள் வண்டியில் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் என்றால் பின்சக்கரம் பூட்டும். அது கோளாறு அல்ல, அதில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். அடுத்த செவ்வாய்க்கிழமை தூறலில் வால்பாறைக்கு ஏறினேன். நாற்பது வளைவிலும் மஞ்சள் விளக்கு எரியவில்லை.