பழைய செவர்லே பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாற்றுவது எப்படி?

1988 முதல் 1992 வரை வந்த செவர்லே சி1500 பிக்கப்பில், 5.7 லிட்டர் வி8 எஞ்சினோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 700ஆர்4. 1990-இல் அதற்கே 4எல்60 என்று பெயர் மாற்றினார்கள். அது பழுதானால், அதே காலத்து இன்னொரு பிக்கப்பிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கும் முன்

1993-இல் வந்த 4எல்60-இ பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் கியர் மாற்றுவது கம்ப்யூட்டர். உங்கள் வண்டியில் நேரடியாக ஓடாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் கியர்பாக்ஸுக்குப் பின்பக்கம் வேறு, அதுவும் வேண்டாம். ஆயிலில் கருகிய வாடை வந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உருளையான டார்க் கன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் பைப், கியர் லிங்க், டிவி கேபிள் (த்ராட்டிலையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் 'த்ராட்டில் வால்வு' கேபிள்), வயர் எல்லாவற்றையும் பிரியுங்கள். கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (எஞ்சினின் பின்முனையில் சுற்றும் மெல்லிய தட்டு) பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளை, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும்.

கியர்பாக்ஸை எஞ்சினோடு பிடித்திருக்கும் மேல் போல்ட்டுகளுக்குக் கை எட்டாது. கியர்பாக்ஸுக்கு ஜாக்கி கொடுத்து, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரைக் கழற்றி, பின்பக்கத்தை மெதுவாகத் தாழ்த்துங்கள். நீள எக்ஸ்டென்ஷன் பின்னாலிருந்து நுழையும். எஞ்சின் சாயும்போது அதன் பின்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் பாகம்) மூடி எஞ்சின் அறையின் பின்சுவரில் இடித்து உடையும் என்பதால், முன்பே அதைக் கழற்றி வையுங்கள். கியர்பாக்ஸை ஜாக்கியில் சங்கிலி போட்டுக் கட்டிய பிறகே இறக்குங்கள்.

மாட்டுவது

புதியவர்கள் கியர்பாக்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டில் ஏற்றி, உள்ளே தள்ளியபடியே சுற்றுங்கள். படிப்படியாக "டக், டக்" என்று உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்காவிட்டால், போல்ட்டை முறுக்கும்போது ஆயில் பம்ப் உடைந்துவிடும். கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதியான பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையாலேயே முழுதாக ஒட்டவேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். ஒட்டியபின் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்றவேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். இருந்தால் மட்டும் முறுக்குங்கள்.

பழைய கியர்பாக்ஸ் கருகிப் போயிருந்தால், அதன் துகள் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் தங்கியிருக்கும். பைப்பை இணைக்கும் முன் கூலரைக் கழுவித் தள்ளுங்கள்.

டிவி கேபிள், ஆயில்

எஞ்சின் நின்றிருக்க, கேபிளின் பொத்தானை அழுத்தி ஸ்லைடரைத் த்ராட்டிலுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி, பொத்தானை விடுங்கள். பிறகு த்ராட்டிலை முழுதாகத் திறந்தால், கேபிள் தானே சரியான அளவுக்கு வந்துவிடும். இதைத் தவிர்த்துவிட்டு ஓட்டினால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் குறைந்து, அதிலுள்ள கிளட்ச் தட்டுகள் கருகும்.

முதலில் நான்கைந்து லிட்டர் டெக்ஸ்ரான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான வகை) ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள், உடனே மேலும் ஊற்றுங்கள். காலி கியர்பாக்ஸுக்கு மொத்தம் சுமார் பத்தரை லிட்டர் பிடிக்கும். பிரேக்கை மிதித்து எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு, பார்க்கில் வைத்து, ஆயில் சூடான பிறகு எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள்.